ஜூனியருக்குப் பதவி உயர்வு, எனக்கு இல்லை: இங்கிலீஷ்தான் காரணமா?

வெள்ளகோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 30. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. அப்புறம் காஸ்ட்யூம் டிசைன் பட்டம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 6 வருடம் 8 மாதமாக மெர்ச்சண்டைசிங் பிரிவில் (ஆர்டர் வாங்குவது முதல் சரக்கு கப்பலேறும் வரை கவனிக்கும் பிரிவு) இருக்கிறார். கணவர் காங்கேயத்தில் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, மாமியார் பார்த்துக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு முன் சீனியர் மெர்ச்சண்டைசர் இடம் காலியானபோது, அது தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். கிடைத்ததோ இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்த 26 வயது இளைஞருக்கு. "அந்தத் தம்பிக்கு டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் உள்ள தாள்) படிக்கவே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கோயமுத்தூரில் கான்வென்டில் படித்தவர், இங்கிலீஷ் கொட்டுகிறது. ஜி.எம். (பொது மேலாளர்) என்னைக் கூப்பிட்டு, 'உங்களுக்கு கம்யூனிகேஷன் போதாதுங்க' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்" என்று எழுதுகிறார்.

வேலையை விட்டுவிட்டு, கோவையில் நான்கு மாத 'கார்ப்பரேட் ஸ்கில்ஸ்' பயிற்சியில் சேரலாமா என்பது அவருடைய யோசனை. கட்டணம் 85,000 ரூபாய். நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்று விளம்பரம். 5,000 முன்பணம் கட்டியாகிவிட்டது; மீதிக்கு நகையை அடகு வைக்க வேண்டும். ஆனால் பட்டச் சான்றிதழின் அசல் கம்பெனியில் இருக்கிறது. சேரும்போது இரண்டு வருடம் இருப்பதாக ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இனி மெயிலை ஏஐயே எழுதிவிடும், மெர்ச்சண்டைசர் என்று ஒரு வேலையே இருக்காது என்று யாரோ சொன்ன பயம் வேறு. தான் எழுதிய மூன்று மெயில்களையும், அந்த இளைஞர் எழுதிய ஒன்றையும், பையர் (ஆடை வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்) பெயரையும் விலையையும் அழித்துவிட்டு இணைத்திருக்கிறார். "வேலையை விடட்டுங்களா, வேண்டாங்களா?" என்று கேட்டு முடிக்கிறார்.

உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேலையை விடாதீர்கள். நகையில் கை வைக்காதீர்கள். ஆறரை வருடம் உழைத்த இடத்தில், நீங்கள் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் உங்களுக்கு மேலே போய் உட்கார்ந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வலியோடு எடுக்கும் முடிவில் காரணத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் இங்கிலீஷைப் பிடித்திருக்கிறீர்கள். நான்கு மெயில்களையும் திரும்பத் திரும்பப் படித்த பிறகு, காரணம் அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

மெயிலில் இருந்ததும் இல்லாததும்

நேவி கலர் துணி டையிங்கில் (சாயம் போடும் இடத்தில்) ஷேட், அதாவது கலரின் சாயல், தவறிப்போன சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி பையருக்கு 12,000 பீஸ் குழந்தைகள் டி-சர்ட். உங்கள் மெயில் என்ன சொல்கிறது? டையிங்கில் தாமதம் ஆகிவிட்டது, எங்களால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறோம், தயவுசெய்து ஒத்துழைக்கவும். அவ்வளவுதான். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த இளைஞரின் மெயிலில் இரண்டு எழுத்துப்பிழையும் ஒரு வாக்கியப் பிழையும் இருக்கின்றன. ஆனால் அது சொல்வதைப் பாருங்கள். 12,000-ல் நேவி 3,200 பீஸ் மட்டும் பாதிப்பு. மற்ற மூன்று கலர் 8,800 பீஸ் குறித்த தேதிக்குத் தயார். நேவிக்கு மறுபடி டையிங் போட்டு 10 நாள் கழித்துத் தனியாக அனுப்பலாம், அல்லது எல்லாவற்றையும் சேர்த்து 10 நாள் தாமதமாக ஒரே கப்பலில் அனுப்பலாம். எது வேண்டும் என்று புதன்கிழமைக்குள் சொன்னால் கப்பலில் இடம் பிடிக்கிறோம்.

பையர் இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் மெயிலைப் படித்தவருக்குப் பதற்றம் மட்டும் மிஞ்சும். அந்த இளைஞரின் மெயிலைப் படித்தவர் ஒரு முடிவு எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஜெர்மனிக்காரருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. ஸ்பெயின் பையருக்கும் இல்லை. அவர்கள் உங்களிடம் அழகான இங்கிலீஷை எதிர்பார்க்கவில்லை. எத்தனை பீஸ், எந்தத் தேதி, நான் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் தேடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்று உண்டு: "அந்த மெயிலில் இருக்கும் கணக்கெல்லாம் நான்தான் டையிங்கிலிருந்து ஃபோனில் சொன்னேன்." காலை ஷிஃப்டுக்கு முன்பே டையிங்குக்குப் போய், துணியை லைட் பாக்ஸில் வைத்து அப்ரூவல் ஸ்வாட்ச்சோடு (பையர் ஒப்புக்கொண்ட மாதிரித் துணித் துண்டு) ஒப்பிட்டு, எந்த ரோல் தேறும் எது தேறாது என்று பிரித்து, 3,200 என்ற எண்ணைக் கண்டுபிடித்தது நீங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தமிழில் பத்துப் பதினொரு வரியில் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள்! என்ன நடந்தது, எவ்வளவு பாதிப்பு, அடுத்து என்ன செய்தீர்கள், எல்லாம் வரிசையாக இருக்கிறது. கம்யூனிகேஷன் வராதவர் அப்படி எழுத முடியாது. உங்களிடம் இருக்கும் விவரம் இன்னொருவர் பெயரில் வெளியே போகிறது. உங்கள் பெயரில் மன்னிப்பு மட்டும் போகிறது. ஜி.எம். கண்ணில் படுவது மெயில்தானே தவிர, நீங்கள் டையிங்கில் நின்ற காலை நேரம் இல்லை.

இதற்கு 85,000 ரூபாய் தேவையில்லை. பிரச்சினை என்று வந்தால் மெயிலில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்: என்ன நடந்தது, தேதியிலும் எண்ணிக்கையிலும் எவ்வளவு பாதிப்பு, நாம் என்ன செய்துவிட்டோம், அவரிடமிருந்து என்ன பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும். முதலில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நான்கும் தமிழில் இருந்துவிட்டால், இங்கிலீஷுக்கு மாற்றுவது மிகச் சின்ன வேலை.

'நாளைக்கு ஆயிருமுங்க'

அதே சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஷேட் தவறியது உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரியும். பையருக்கு மெயில் போனது வெள்ளிக்கிழமை. நடுவில் நான்கு நாளும் டையிங்காரர் 'நாளைக்கு ஆயிருமுங்க' என்றார், நீங்களும் ஜி.எம்.மிடம் 'நாளைக்கு ஆயிருமுங்க சார்' என்றீர்கள்.

நம் பக்கத்தில் இது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரியவரிடம் நேருக்கு நேர் 'ஆகாது' என்று சொல்ல நாக்கு வராது. முகம் சுளிக்காமல் அனுப்பி வைப்பதுதான் மரியாதை என்று வளர்ந்திருக்கிறோம். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். எப்படியாவது முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. உறவிலும் ஊரிலும் அது நம்மைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் கப்பல் தேதி குறித்த ஆர்டரில் அந்த ஒரு பதில் நான்கு நாளைத் தின்றுவிடும். தாமதம் முற்றிப்போனால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும், அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும், ஒரு ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைய வேலையிடத்தில் மிக அதிகமாகத் தேவைப்படுகிற, மிகக் குறைவாகச் சொல்லித் தரப்படுகிற திறமை இது என்பது என் கருத்து: கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்வது, மரியாதை குறையாமல் சொல்வது. கோவை, திருப்பூர் ஆலைகளில் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலும் சரி, இப்போது ஆலோசகராக இருக்கும்போதும் சரி, திறமைசாலிகள் பலர் சறுக்கி விழுந்த இடம் இதுதான். வேலை தெரியாததால் பெயர் கெட்டவர்களைவிட, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்து பெயர் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதைப் பழகுவதற்குக் கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினால் போதும். டையிங்காரரிடம் 'துணி எப்பங்கண்ணா வரும்?' என்று கேட்டால் 'நாளைக்கு' என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, 'லாட் மெஷின்ல ஏறியாச்சுங்களாண்ணா? லேப்ல ஷேட் பார்த்தாச்சுங்களா? டிரையர் முடிஞ்சு காம்பேக்டிங் போயாச்சுங்களா?' என்று கேளுங்கள். லாட் இன்னும் மெஷினில் ஏறவே இல்லை என்று தெரிந்த நிமிஷமே, நாளைக்கு வராது என்று உங்களுக்கே கணக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஜி.எம்.மிடம், 'நாளைக்கு ஆகாதுங்க சார், வியாழக்கிழமை மத்தியானம்தான் ஆகும். அதனால கட்டிங் ரெண்டு நாள் தள்ளும். நான் வெள்ளை கலரை முன்னாடி எடுத்து லைனுக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லலாம். இதில் மரியாதை எங்கே குறைந்தது? அவர் ஒரு நிமிஷம் கடுகடுப்பார். ஆனால் நீங்கள் சொல்லும் தேதி நடக்கும் தேதி என்று இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டால், அப்புறம் உங்கள் வாய்ச்சொல்லை வைத்துத்தான் பையருக்குத் தேதி கொடுப்பார்.

கான்ஃபரன்ஸ் காலில் பேசப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். காலுக்கு முன் சொல்ல வேண்டிய ஐந்து வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். கால் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பேசியது இன்னின்ன, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் மெயில் போடுங்கள். காலில் நீங்கள் வாயே திறக்காவிட்டாலும், அடுத்த காலில் எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நீங்கள் எழுதிய மெயிலாகத்தான் இருக்கும்.

உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்

உலகப் பொருளாதார மன்றம் 2025-ல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஊழியர்களிடம் அவசியம் வேண்டிய திறமை எது என்றதற்கு, பத்துக்கு ஏழு நிறுவனங்கள் சொன்னது விஷயங்களைப் பகுத்து ஆராய்ந்து முடிவுக்கு வருவதை. அதற்கு அடுத்து, நெருக்கடியில் தளராமல் வளைந்து கொடுப்பது, மற்றவர்களை அழைத்துக்கொண்டு போவது, புதிதாக யோசிப்பது, தன்னைத் தானே அறிந்து ஊக்கத்தோடு இருப்பது. முதல் ஐந்தில் மொழி இல்லை.

பகுத்து ஆராய்வது என்றால் பெரிய வார்த்தையாகத் தெரியும். உங்கள் மேஜையில் அது எக்செல்லும் காஸ்டிங்கும்தான் (விலைக் கணக்கு). 'கன்சம்ப்ஷன் கணக்கை (ஒரு பீஸுக்கு எவ்வளவு துணி என்ற கணக்கு) அக்கவுண்ட்ஸ் அண்ணன் போட்டுத் தருவார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அது. சீனியர் இடத்துக்குப் போகிறவர் அந்தக் கணக்கை இன்னொருவர் கையில் விட்டுவைக்கக் கூடாது. பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. குழந்தைகள் டி-சர்ட்டில் உடல் நீளம் 45 சென்டிமீட்டர், கை நீளம் 15, தையல் மடிப்புக்கு 10, ஆக 70. மார்பு அகலம் 36, அதற்கும் 4 சேர்த்தால் 40. முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்குமாக 2-ஆல் பெருக்கி, 180 ஜி.எஸ்.எம்.மால் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் 100.8 கிராம். கட்டிங் கழிவு, டையிங் கழிவு எல்லாம் சேர்த்து 10 சதவீதம் வைத்தால் பீஸுக்கு ஏறத்தாழ 111 கிராம். 12,000 பீஸுக்கு 1,330 கிலோ. இதில் பீஸுக்கு 5 கிராம் பிசகினால் 60 கிலோ துணி. விலை பேசும் மேஜையில் இந்த 5 கிராமைக் கண்டுபிடிப்பவருக்கு இங்கிலீஷ் தடுமாறினாலும் எல்லோரும் காத்திருந்து கேட்பார்கள்.

எக்செல்லைப் பொறுத்தவரை, இப்போது உங்கள் டைம் அண்ட் ஆக்ஷன் ஷீட்டில் (எந்த வேலை எந்தத் தேதிக்கு என்ற அட்டவணை) தேதிகளைக் கையால் அடித்து, கையாலேயே கலர் போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் ஒரு நாள் தள்ளினால் பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), கட்டிங், ஷிப்மெண்ட் எல்லாத் தேதியும் தானாகத் தள்ளும்படி ஃபார்முலா போடக் கற்றுக்கொள்ளுங்கள். வி-லுக்கப், பிவட் டேபிள் இரண்டும் வந்துவிட்டால் இப்போதைக்குப் போதும். யூடியூபில் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். தினம் வண்டியில் போய்வரும் நேரம் அதற்குத் தாராளம். அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குவதாக இருந்தால் மட்டும் சிறு கட்டணம். துணி பற்றிய தொழில்நுட்பத்தை ஆழமாகக் கற்க, 1956-லிருந்து இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான கோவை சிட்ராவில் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் இருக்கிறது. அங்கெல்லாம் விசாரித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

ஏஐ வந்து வேலையைப் பிடுங்கிவிடுமா

மெயில் எழுதுவது மட்டுமே உங்கள் வேலையாக இருந்தால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் 3,200 என்ற எண்ணை எந்த ஏஐயும் டையிங்குக்குப் போய்ப் பார்த்து எடுத்து வராது. நேர்மாறாக, தமிழ் வழியில் படித்த உங்களைப் போன்றவர்களுக்கு இது கிடைத்திருப்பது பெரிய அனுகூலம். நீங்கள் தமிழில் எழுதிய நான்கு வரியை அது நல்ல இங்கிலீஷில் தந்துவிடும். கான்வென்டில் படித்தவருக்கும் உங்களுக்கும் இருந்த இடைவெளியில் பாதி அங்கேயே போய்விட்டது. இரண்டு எச்சரிக்கை மட்டும்: அது தந்ததை அப்படியே அனுப்பாமல் ஒவ்வொரு எண்ணையும் தேதியையும் உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பையரின் டெக் பேக்கையும் விலையையும் அதில் ஏற்றாதீர்கள்; கம்பெனி அனுமதி இல்லாமல் செய்தால் அது உங்கள் தலையில் விடியும்.

தொழில் போகும் திசையும் உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சூழல் வடிவமைப்பு விதியின்கீழ், பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஒன்று படிப்படியாக வரப்போகிறது. முன்னுரிமைப் பட்டியலில் துணியும் இருக்கிறது. நூல் எங்கே வாங்கியது, எந்த டையிங்கில் சாயம் போட்டது என்று பையர்கள் கேட்டுத் துளைக்கப்போகிறார்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறிய ஊர் திருப்பூர். அந்தக் கதையைப் பையருக்குப் புரியும்படி ஆதாரத்தோடு எடுத்துச் சொல்ல, டையிங் வாசலை மிதித்தவர்களால்தான் முடியும். ஏ.சி. அறையில் மட்டும் உட்கார்ந்தவர்கள் இதில் திணறுவார்கள்.

பயிற்சி மையமும் நூறு சதவீத உத்தரவாதமும்

எல்லாப் பயிற்சி மையமும் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாராலும் நூறு சதவீதம் வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது. வேலை, சம்பள உயர்வு என்றெல்லாம் பொய்யாக உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்வதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டிருக்கிறது. உங்கள் 5,000 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி மெயிலில் கேளுங்கள். ஃபோனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். ரசீதின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அது திரும்பி வராமல் போனாலும், 5,000 போய்விட்டதே என்பதற்காக 80,000-ஐக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

சம்பளம் இல்லாத நான்கு மாதமும் ஒரு செலவுதான், அதையும் கூட்டிப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் எத்தனை கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின என்று நீங்களே பார்த்தீர்கள். இந்தத் தொழிலில் கையில் அடுத்த வேலைக்கான கடிதம் இல்லாமல் இருக்கும் வேலையை விடுவது ஆபத்து.

சான்றிதழும் கையெழுத்தும்

'அசல் சான்றிதழ் அவர்களிடம் இருப்பதால் என்னால் போக முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சான்றிதழ் ஈடாகப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல என்று, கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவில் வங்கிகள், வழக்கறிஞர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே அப்படிப் பிடித்து வைக்கும் உரிமை உண்டு. வேலை கொடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. வேலையை விடும் வரை காத்திருக்காமல், 'வீட்டில் ஒரு தேவைக்கு வேண்டும்' என்று இப்போதே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இரண்டு வருடம் என்றுதான் இருக்கிறது; ஆறரை வருடம் ஆகிவிட்டது. அது முடிந்த கதை. 'பான்ட் (இத்தனை வருடம் இருப்பதாகப் போடும் ஒப்பந்தம்) எல்லாமே செல்லாது' என்று உங்கள் தோழி சொன்னது மட்டும் முழுக்கச் சரியில்லை. மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்று பொதுத்துறை வங்கி ஒன்று வைத்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையை விட்ட பிறகு வேறு கம்பெனிக்கே போகக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனைதான் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. அடுத்த கம்பெனியில் சேரும்போது கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. சிக்கல் என்று வந்தால் திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஜி.எம்.மிடம் என்ன பேசுவது

'கம்யூனிகேஷன் போதாது' என்பது பதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு யாராலும் திருந்த முடியாது. அவரிடம் நேரம் கேட்டு வாங்கி உட்காருங்கள். 'சார், எந்த மெயிலில், எந்தக் காலில் நான் குறைவாகச் செய்தேன் என்று இரண்டு உதாரணம் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்' என்று கேளுங்கள். குரலில் கோபம் வேண்டாம், அழுகையும் வேண்டாம். அந்த இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்காதீர்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள்: ஒரு சின்ன பையரை, காஸ்டிங்கிலிருந்து ஷிப்மெண்ட் வரை, ஒரு சீசனுக்கு முழுசாக உங்கள் பொறுப்பில் தரச் சொல்லுங்கள். பையருக்குப் போகும் மெயில் உங்கள் பெயரில் போகட்டும். பேசி முடித்து வந்ததும், பேசியதை நாலு வரியில் அவருக்கே மெயிலாகப் போட்டுவிடுங்கள்.

கடிதத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள்: 'குழந்தைக்காக நான் ஆறரை மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவேன்.' யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் அதுவாகவும் இருக்கலாம். அமெரிக்க பையரோடு கால் ராத்திரியில்தான் நடக்கும். சீனியர் என்றால் அதில் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு, உங்களிடம் கேட்காமலே உங்களைத் தள்ளி வைத்திருக்கலாம். அதையும் நேராகக் கேட்டுவிடுங்கள். 'வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டிலிருந்தே காலில் சேர்ந்துகொள்கிறேன், லேப்டாப் கொடுங்கள்' என்று நீங்களே வழியையும் சொல்லுங்கள். ஐரோப்பிய பையருக்கு இந்தத் தொல்லையே இல்லை; அவர்களுடைய காலை நமக்கு மத்தியானம்தான். குழந்தையைப் பார்க்க நேரத்துக்கு வீட்டுக்குப் போகும் ஒருவர் வேலையில் அக்கறை இல்லாதவர் என்று யாராவது நினைத்தால், அந்த நினைப்பைத் திருத்த வேண்டியது அவர்கள். வீட்டில் கணவரிடமும் மாமியாரிடமும் அந்த இரண்டு ராத்திரியைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு பையரும் கையில் வரவில்லை, தெளிவான பதிலும் இல்லை என்றால், வேலையில் இருந்துகொண்டே வெளியே தேடுங்கள். திருப்பூரில் பையிங் ஹவுஸ்கள் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் அலுவலகங்கள்) இருக்கின்றன, கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்கள் இருக்கிறார்கள். கரூர் வெள்ளகோவிலிலிருந்து எட்டாத தூரமும் இல்லை. நேர்முகத்தில் நேவி கலர் கதையை, எண்களோடு, நீங்களே சொல்லுங்கள்.

விலகும் நாள் வந்தால் உங்களுக்கு வர வேண்டியதை விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் பணிக்கொடை உண்டு. 6 வருடம் 8 மாதத்தை 7 வருடமாகத்தான் கணக்கிட வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 16,000 என்றால், 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள். 64,600 ரூபாய்க்கு மேல் வரும். விலகிய 30 நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சேவை வேண்டும். இப்போது எடுத்துவிட்டால் இந்த ஆறே முக்கால் வருடமும் கணக்கிலிருந்து போய்விடும்.